பக்கத்துக்குப் பக்கம் மெனு மாற்றும்போது எங்கே சறுக்கும்?

"இந்த ஒரு பக்கத்துல மட்டும் வேற மெனு வரணும்." இணையதளம் செய்து தருபவர்களின் காதில் அடிக்கடி விழும் வரி இது. தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இது பெரிய வேலையே இல்லை: தீமில் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகள்) இரண்டு மெனு இடங்களைப் பதிவு செய்து, ஹெடரில், அதாவது பக்கத்தின் தலைப்பகுதியில், 'இது எந்தப் பக்கம்' என்று பார்க்கும் ஒரு கண்டிஷனை (நிபந்தனையை) போட்டால் வந்துவிடும். தலைவலி அப்புறம்தான்.

நான் மாட்டிய கதை இது. ஒரு பயிற்சித் தளத்தில் 'பாடங்கள்' பக்கத்துக்குத் தனி மெனு, கண்டிஷனில் அந்தப் பக்கத்துக்கு வேர்ட்பிரஸ் கொடுத்த ஐடி எண்ணை 42 என்றே எழுதிவிட்டேன். சோதனைத் தளத்தில் அருமையாக வந்தது. லைவ் தளத்தில் பக்கங்களைப் புதிதாக உருவாக்கியதில் 42 என்ற எண் 'எங்களைப் பற்றி' பக்கத்துக்குப் போய்விட, பாடங்களின் மெனு அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. ஐடிக்குப் பதில் ஸ்லக்கை (முகவரியில் வரும் பக்கத்தின் பெயரை) கொடுக்கலாம், ஆனால் அதையும் யாராவது ஒருநாள் மாற்றுவார்கள். இப்போதெல்லாம் அந்தப் பக்கத்துக்குத் தனி டெம்ப்ளேட் (பக்க அமைப்புக் கோப்பு) வைத்து, பக்கம் அதைப் பயன்படுத்துகிறதா என்றுதான் கண்டிஷனில் பார்க்கிறேன். இன்னொன்று, ஒரு பக்கத்துக்குப் போட்ட கண்டிஷன் அதன் துணைப் பக்கங்களுக்குச் செல்லாது. தாய்ப்பக்கம் எது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மெனு இடத்தைப் பதிவு செய்துவிட்டு அதில் மெனுவைப் பொருத்த மறந்தால், வேர்ட்பிரஸ் சும்மா இருக்காது, வெளியிட்ட பக்கங்களையெல்லாம் தானே வரிசையாகக் காட்டிவிடும், 'நன்றி' பக்கம் உட்பட. அந்த மாற்று ஏற்பாட்டை அணைத்து வையுங்கள். இரண்டு மெனுவையும் பக்கத்தில் வரவிட்டு, ஒன்றை சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தை மாற்றும் குறிமொழியில்) மறைப்பது சோம்பேறித்தனம் (நானும் செய்திருக்கிறேன்).

லாகின் செய்தவருக்கு ஒரு மெனு, மற்றவருக்கு வேறு என்றால் கேஷ் மீது, அதாவது வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் பக்க நகல்கள் மீது, ஒரு கண் வேண்டும். முகவரி வேறுவேறாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒரே முகவரியில் ஆளுக்கேற்ப மெனு மாறும்போதுதான், உறுப்பினருக்காகச் சேமித்த பக்கம் அடுத்து வரும் யாருக்கோ போய்ச் சேரும். லிங்கை மெனுவில் மறைத்தால் மட்டும் பக்கம் பூட்டப்பட்டுவிடாது, முகவரி தெரிந்தவர் நேரே நுழைவார்.

ஆனால் நான் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்பது, மேல்மெனுவையே மாற்றத்தான் வேண்டுமா என்பதைத்தான். திரும்பத் திரும்ப வரும் மெனு எல்லாப் பக்கத்திலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்று 2008-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 (மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டு நெறிகள்) விதி 3.2.3 சொல்கிறது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானில் கேட்டுப் பழகியவருக்கு அந்த வரிசைதான் வழி. பணம் கட்டும் பக்கத்தில் மெனுவைச் சுருக்குவது சரி. மற்றபடி மேல்மெனுவைத் தொடாமல், அந்தப் பிரிவுக்குரிய லிங்குகளை அதன் கீழே இரண்டாவது வரியாகக் கொடுத்தாலே பெரும்பாலும் போதும்.