விடியற்காலை ஆலயமணி: ஒலி மாசு விதிகள் யாருக்கு என்ன உரிமை தருகின்றன?

கிருஷ்ணகிரியை ஒட்டிய எங்கள் தெருவில் கத்தோலிக்க ஆலயத்துக்கும் வீடுகளுக்கும் இடையே ஒரு மதில் சுவரும் ஒரு புளியமரமும்தான் இருக்கின்றன. விடியற்காலை ஐந்தேகாலுக்கு முதல் மணி. மணி ஒலிப்பதற்கு ஒரு நொடி முன்னால் ஒலிபெருக்கியில் 'கர்' என்று ஓர் இரைச்சல் எழும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அந்த இரைச்சலுக்கே வீறிட்டு அழத் தொடங்கிவிடும். ஓசூர் சிப்காட்டில் இரண்டாவது ஷிப்ட் முடித்து, நள்ளிரவு கடந்து வந்து படுக்கும் எதிர்வீட்டுத் தம்பிக்கு அப்போது நாலு மணி நேரத் தூக்கம்கூட முடிந்திருக்காது.

அதே தெருவில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். மணி கேட்டதும் பாயில் எழுந்து உட்கார்ந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். அந்த மணி நின்றுபோனால் அவருக்குப் பொழுது விடியாது. இந்த மூன்று வீடுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஒரு வருடமாக இந்த விதிகளைப் படித்ததிலும் அலுவலகங்களுக்கு நடந்ததிலும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் சேர்ந்ததுதான், ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதியான தருமபுரி மறைமாவட்டம். சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997இல் தனியாகப் பிரிந்தது. கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய பங்குகளில், அதாவது ஓர் ஆலயத்தைச் சார்ந்த கிறிஸ்தவர்களின் பகுதிகளில், மணி ஊருக்கே கடிகாரமாக இருந்தது; கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்தப் பங்கைச் சேர்ந்தவர்களே. இப்போது ஆலயங்களைச் சுற்றிப் புதிய மனைப்பிரிவுகள் வந்துவிட்டன. பல ஊர்க்காரர்கள், பல மதத்தவர்கள், ஷிப்ட் வேலைக்காரர்கள் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இதற்கான சட்டம், ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986இன் கீழ் மத்திய அரசு கொண்டுவந்தது. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல். இரவு 10 முதல் காலை 6 வரை இரவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. வணிகப் பகுதிக்கு இது 65, 55. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். அங்கே 50, 40.

இந்த எண்களைப் பார்த்ததும் பலரும் கைப்பேசியில் ஒரு டெசிபல் செயலியை இறக்கிக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறார்கள். நானும் நின்றேன். அது வீண்வேலை. கைப்பேசி ஒலிவாங்கி அளவீட்டுக்காகச் செய்யப்பட்டது இல்லை. அந்த எண்ணை வைத்து யாரும் நடவடிக்கை எடுக்க மாட்டார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. விதியில் சொல்லப்பட்ட டெசிபல் அளவு, ஒரு கால அளவு முழுவதற்குமான சராசரி. இரண்டு நிமிடம் ஒலித்து ஓயும் மணியின் அளவு, இரவு முழுவதற்குமான சராசரியில் வெகுவாகக் குறைந்துவிடும். தூக்கம் கலைந்தது கலைந்ததுதான், ஆனால் எண்ணில் அது முழுதாகத் தெரியாது.

டெசிபலை விட்டுவிட்டு விதி 5க்கு வாருங்கள். நம் தெருவுக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது. உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கியைப் பகலிலும் பயன்படுத்தக் கூடாது. இரவு நேரத்தில், அதாவது காலை 6 மணி வரை, ஒலிபெருக்கி, ஒலிபெருக்கிச் சாதனம், ஒலி எழுப்பும் கருவி, இசைக்கருவி எதையும் திறந்தவெளியில் பயன்படுத்தக் கூடாது. மூடிய அரங்குக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி பயன்படுத்தலாம். பொது நெருக்கடி நேரத்துக்கும் விலக்கு உண்டு. 'ஒலி எழுப்பும் கருவி', 'இசைக்கருவி' என்ற சொற்கள் 2010 திருத்தத்தில் சேர்க்கப்பட்டவை.

புகார் தரும் உரிமையைச் சொல்வது விதி 7. அளவு வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் தரலாம் என்பது அதன் முதல் பாதி. இரவுக் கட்டுப்பாடு மீறப்பட்டாலே புகார் தரலாம் என்பது அடுத்த பாதி. இந்த அடுத்த பாதிக்கு அளவுக்கருவியே வேண்டாம். 5:15க்கு ஒலிபெருக்கி வெளியே ஒலித்தது என்பதே போதும். அலுவலகத்தில் 'எத்தனை டெசிபல் என்று அளந்து வாருங்கள்' என்று திருப்பி அனுப்பினால், விதி 7இன் இந்தப் பகுதியைப் பணிவாகச் சுட்டிக்காட்டுங்கள்.

இனி, மேலே நிமிர்ந்து மணிக்கூண்டைப் பாருங்கள். கயிற்றில் தொங்கும் வெண்கல மணியா, கடிகாரத்தோடு இணைத்த பதிவு ஒலியா? இன்று பல ஆலயங்களில் மணிக்கு ஒருமுறை மணியோசையும் இறைவசனமும் ஒலிபெருக்கி வழியாகத் தானாகவே வருகின்றன. இது ஒலிபெருக்கிதான், 6 மணிக்கு முன் கூடாது என்பதில் ஐயம் இல்லை. கையால் கயிறு இழுத்து அடிக்கும் மணி, 'ஒலி எழுப்பும் கருவி' என்ற சொற்களுக்குள் வரும் என்பது என் வாசிப்பு. ஆனாலும் அதைத் தீர்மானிக்க வேண்டியது அதிகாரியும் நீதிமன்றமும்தான். கைமணியை வழக்காக்குவதைவிடப் பேசித் தீர்ப்பது நல்லது என்றே நான் சொல்வேன்.

திருவிழாவுக்கு விலக்கு இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. மத, பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மிகாமல் மாநில அரசு தளர்வு தரலாம். ஆனால் அந்தத் தளர்வு இரவு 10 முதல் 12 மணி வரைதான். விடியற்காலைக்கு அதில் இடமே இல்லை. கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலிக்கும், மார்கழி நாலரை மணிப் பாட்டுக்கும், அதிகாலைத் தொழுகை அழைப்புக்கும் ஒரே கடிகாரம்தான். இந்த விதியை, தமக்குப் பிடிக்காத ஒரு மதத்தின்மேல் எறியும் கல்லாக எடுத்துக்கொண்டு வருகிறவர்களோடு சேர்ந்து நான் எந்த மனுவிலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

நீதிமன்றம் சொன்னதும் தெளிவானது. சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் அங்கிருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் இடையிலான வழக்கில், 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சபையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். குழந்தைகள், முதியோர், நோயாளிகள், படிக்கும் மாணவர்கள் ஆகியோரின் அமைதியையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. வழிபாட்டு உரிமையை அது பறிக்கவில்லை. ஒலியின் அளவைத்தான் கட்டுப்படுத்தியது.

மனு எழுதுவதற்கு முன் பங்குத்தந்தையைப் பாருங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்த பரபரப்பில் போகாமல், வார நாளில் மாலையில் போங்கள். கைக்குழந்தை உள்ள வீடு, ஷிப்ட் வேலைக்காரர் வீடு, முடிந்தால் அந்தப் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் என மூன்று நான்கு பேராகப் போனால் பேச்சு நன்றாக அமையும். கத்தோலிக்க மரபில் மூவேளை செப மணிக்குரிய நேரம் காலை 6, நண்பகல் 12, மாலை 6. சட்டம் குறிக்கும் 6 மணியும் மரபு குறிக்கும் 6 மணியும் ஒன்றாகவே இருப்பதால், முதல் மணியை ஆறுக்கு வையுங்கள் என்று கேட்பதில் யாருக்கும் சங்கடம் இல்லை. அதற்கு முன் திருப்பலி இருந்தால் ஒலிபெருக்கியை ஆலயத்துக்குள் மட்டும் வைக்கலாம். முடிவு பங்குப் பேரவையில் எடுக்கப்படும் என்றால் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பேசியும் பயன் இல்லை என்றால் மனு. விதிகளின்படி உரிய அதிகாரிகளில் மாவட்ட ஆட்சியரும், அரசு நியமித்த, காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிகளும் அடங்குவர். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, பதிவு எண்ணுள்ள ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். நகலைக் காவல் துணைக் கண்காணிப்பாளருக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் அனுப்பலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100.

மனுவில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஒலிபெருக்கியா கைமணியா, அது எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதை ஒரு வாரத்துக்காவது குறித்து எழுதுங்கள். மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ஒலிபெருக்கிக்கு அனுமதி பெறப்பட்டிருக்கிறதா, பெற்றிருந்தால் என்ன நிபந்தனைகள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

அதன் பிறகும் அசைவு இல்லையென்றால், பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடக் கோட்டாட்சியருக்கோ சார் ஆட்சியருக்கோ புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவுதான் இது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம், எண் 15100. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்களுக்கு இந்த 6 மணிக் கோடு உதவாது. பன்னிரண்டு மணி மணியை நிறுத்தச் சொல்ல முடியாது. எங்கள் எதிர்வீட்டுத் தம்பி கட்டிலை ஆலயப் பக்கச் சுவரிலிருந்து பின்னறைக்கு மாற்றி, ஜன்னல் சட்டத்தின் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினார். சுவரைவிட இடுக்கு வழியாகத்தான் ஒலி அதிகம் நுழைகிறது. செலவு குறைவு, பலன் கண்கூடாகத் தெரிந்தது.

எங்கள் தெருவில் விவகாரம் மனு வரை போகவில்லை. மூன்றாவது முறை பேசியபோது பதிவு மணியின் நேரத்தைப் பங்குத்தந்தை ஆறு மணிக்கு மாற்றி அமைத்தார். தெருவைப் பார்த்திருந்த கூம்பு ஒலிபெருக்கியும் இறங்கியது. ஞாயிறு மட்டும் 5:45க்குக் கைமணி அடிக்கிறது. அதை நிறுத்த வேண்டாம் என்று கைக்குழந்தை வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். பாட்டி அதற்காகக் காத்திருப்பது அவருக்குத் தெரியும்.