வசியமும் இல்லை, தூக்கமும் இல்லை

ஹிப்னாடிசம் என்றதும் கண்முன் ஒரு கடிகாரம் ஆடும், "தூங்கு... தூங்கு..." என்று ஒருவர் அடிக்குரலில் சொல்வார், எதிரில் இருப்பவர் சாவி கொடுத்த பொம்மையாகிவிடுவார். நம் மனதில் இருக்கும் படம் இதுதான், பாதிப் பழி சொல்லின் மேல். 'மனோவசியம்' என்று பெயர் வைத்துவிட்டு அதை யாரும் சிகிச்சையாக நினைக்கவில்லையே என்றால் எப்படி?

கிரேக்கத்திலிருந்து வந்த பெயரும் உருப்படியில்லை. ஹிப்னாஸ் என்றால் தூக்கம். 1840களில் மான்செஸ்டரில் இதை ஆராய்ந்து இந்தப் பெயரைப் பரப்பிய மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டே, பிற்பாடு இது தூக்கமில்லை, ஒரே எண்ணத்தில் மனம் குவிவது என்று கண்டு பெயரை மாற்றப் பார்த்தார். பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. திருமாலின் உறக்கத்தை நாம் அறிதுயில் என்கிறோமே, அந்தச் சொல் எவ்வளவோ மேல். இந்த நிலையில் இருப்பவருக்கு மின்விசிறிச் சத்தம் கேட்கும், மூக்கு அரித்தால் சொறிந்துகொள்வார், சொல்வது பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். சிகிச்சையாளர் பாதியில் கிளம்பிப் போனாலும் ஒன்றும் ஆகாது, தானே கண் திறப்பார், இல்லையென்றால் நிஜமாகவே ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுவார்.

சரி, அப்படியென்றால் உள்ளே என்னதான் நடக்கிறது? இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு நீட்டிக் கண்ணை மூடுங்கள். இடது கையில் தண்ணீர் தளும்பும் வாளி தொங்குகிறது, கைப்பிடி விரலை அறுக்கிறது, இன்னும் யாரோ ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று இரண்டு நிமிடம் ஊன்றி நினையுங்கள். பலருக்கு இடது கை இறங்கியிருக்கும், அதுவும் தானாகவே இறங்கியதுபோல. இந்தத் 'தானாகவே'தான் விஷயத்தின் மையம். சிலருக்குக் கை அசையவே அசையாது. 1959இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், யார் எவ்வளவு வசப்படுகிறார் என்பதை அளக்க 12 சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலே உருவாக்கினார்கள். மேடை வித்தைக்காரர்கள் செய்வதும் இப்படிச் சலித்தெடுப்பதுதான்: முதலில் கூட்டத்துக்கே சின்னச் சோதனை வைத்து, சட்டென்று வசப்படுபவர்களை மட்டும் மேலே அழைத்துக்கொள்வார்கள்.

வெறும் நடிப்பு என்றும் தள்ளிவிட முடியாது. 1997இல் மூளை ஆய்வாளர் பியர் ரெயின்வில்லின் குழு, சிலரின் கையை 47 டிகிரி வெந்நீரில் வைக்கச் சொல்லி, வலியின் வேதனை குறைவதாகவோ கூடுவதாகவோ ஹிப்னாசிஸில் சொன்னது. சூட்டை உணரும் மூளைப் பகுதி கிட்டத்தட்ட அப்படியே இருக்க, வேதனையோடு தொடர்புள்ள முன் சிங்குலேட் பகுதியின் இயக்கம் மட்டும் மாறியது.

அதற்காக எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. சிகரெட்டை விடவைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. மறந்துபோன நினைவுகளைத் தோண்டி எடுப்பது இன்னும் மோசம்: நினைவின் துல்லியம் கூடாது, 'இப்படித்தான் நடந்தது' என்ற நம்பிக்கை மட்டும் கூடும். முற்பிறவிக் கதைகள் எப்படிப் பிறக்கின்றன என்று தனியாகச் சொல்ல வேண்டாம்தானே?

உருப்படியாகப் பயன்படுவது ஐபிஎஸ்ஸுக்கு. போலீஸ் இல்லை, குடல் எரிச்சல் நோய். 1984இல் மான்செஸ்டரில் மருத்துவர் பீட்டர் வோர்வெல் நடத்திய சோதனையில் நல்ல பலன் தெரிந்தது. ஓராண்டு மருந்துக்கும் மசியாத நோயாளிகளுக்கு இதையும் பரிசீலிக்கலாம் என்கிறது பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல். வயிற்றின் மேல் கையை வைத்து, அந்தச் சூடு உள்ளே பரவுவதாக, குடல் ஓர் ஆறுபோல நிதானமாக ஓடுவதாக நினைக்கச் சொல்வார்கள். அப்புறம் ஓர் ஒலிப்பதிவைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மீதிப் பயிற்சியை நோயாளி வீட்டில் தனியாக, கட்டிலில் படுத்துக்கொண்டு, தானே செய்துகொள்கிறார்.