வாக்களியாமை: ‘அலட்சியம்’ என்ற சொல் செய்யும் கெடுதல்

தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் தவறாமல் வரும் தலைப்பு இது: ‘சென்னை வாக்காளர்கள் அலட்சியம்’. தேர்தல் ஆணையத்தின் ஆங்கிலக் குறிப்பில் ‘அர்பன் அப்பதி’ (urban apathy), அதாவது நகரத்தாரின் நாட்டமின்மை, என்று இருக்கும். அதைத் தமிழாக்குபவர் முதலில் கைக்கு வந்த சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். ‘வாக்காளர் அலட்சியம்’ இப்போது கலைச்சொல் போலவே நிலைத்துவிட்டது.

‘அப்பதி’ என்ற மூலச் சொல்லின் கதை சிறியதுதான். கிரேக்கத்தில் உணர்ச்சியைக் குறிக்கும் ‘பாதோஸ்’ என்ற சொல்லுக்கு முன்னால் எதிர்மறை ‘அ’ சேர்ந்தது. ஸ்தோயிக் என்ற பண்டைக் கிரேக்கத் தத்துவ மரபினருக்கு அது பயின்று அடைய வேண்டிய உயர்ந்த நிலை. பிற்காலத்தில்தான் ‘எதிலும் நாட்டமில்லாமை’ என்று கீழிறங்கியது. நேராகப் பெயர்த்தால் பற்றின்மை. ஆனால் அதை இங்கே வைத்தால், வாக்களிக்காத வேளச்சேரிக்காரர் துறவி ஆகிவிடுவார்!

சரி, அலட்சியத்துக்கு வருவோம். வடசொல் என்பதால் நான் அதை எதிர்க்கவில்லை. ‘வாக்கு’ என்பதே வடசொல்தான். பொருள்தான் சிக்கல். ‘ஓட்டுநரின் அலட்சியத்தால் விபத்து’, ‘சிகிச்சையில் அலட்சியம்’ என்றுதான் அந்தச் சொல் நம் செய்திகளில் புழங்குகிறது. அது ஒரு குற்றச்சாட்டு. கடமை தெரிந்தும் செய்யாதவன் என்று ஆளைக் கூண்டில் ஏற்றுகிறது. மூலத்தில் மனநிலை மட்டுமே இருக்க, தமிழில் தீர்ப்பும் சேர்ந்துவிடுகிறது. அதுவும் யாரையும் விசாரிக்காமலே.

விசாரித்தால் என்ன தெரியும்? 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதம் வாக்குப்பதிவு, மத்திய சென்னையில் 54 சதவீதம். இந்தச் சதவீதம், பட்டியலில் உள்ள பெயர்களை வைத்துக் கணக்கிடப்படுவது. வாடகை வீடு மாறினவர், ஊரோடு போய்விட்டவர், இறந்தவர், இரண்டு இடத்தில் பெயருள்ளவர் எல்லோரும் அந்தக் கணக்கில் ‘வராதவர்கள்’. வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடுவீடாகக் கணக்கெடுத்த பிறகு 2025 டிசம்பரில் வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. சென்னையில் மட்டும் சுமார் 14 லட்சம். அப்படி நீக்கியது எல்லாம் சரியா என்பது தனி வழக்கு. ஆனால் வகுக்கும் எண் இவ்வளவு சுருங்கினால், ஒருவர்கூடக் கூடுதலாக வாக்களிக்காமலே சதவீதம் ஏறிவிடும். அப்போது ‘அலட்சியம் ஒழிந்தது’ என்று தலைப்புப் போடுவார்களோ என்னவோ.

அப்புறம், பெயர் ஊரிலும் பிழைப்பு வேறிடத்திலும் உள்ளவர்கள். வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்காரருக்கும் அது உண்டு. மீறும் முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். பேருந்துச் செலவையும் போய்வரும் நாட்களின் கூலியையும் எந்தப் பிரிவும் தருவதில்லை. இவர்களுக்காக ஒரே சாவடியில் 72 தொகுதிகள் வரை கையாளும் தொலைதூர வாக்கு இயந்திரத்தை 2023 ஜனவரியில் ஆணையம் கட்சிகள் முன்னால் வைத்தது. கட்சிகள் பல ஐயங்களை எழுப்பின, பேச்சு அதோடு நின்றது. இதில் அலட்சியம் யாருடையது?

ஏகனாபுரத்தையும் நினைத்துப் பாருங்கள். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து 2024இல் அந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலோர் சாவடிக்கே போகவில்லை. அதற்குப் பெயர் புறக்கணிப்பு. அக்கறை முற்றிப்போய்ச் செய்வது. ‘யார் வந்தாலும் நம் தெருவில் தண்ணீர் வராது’ என்று வீட்டில் இருப்பவருடையது விரக்தி. இவ்வளவு வேறுபாடுகளுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல்.

சொல்லோடு நின்றால் பரவாயில்லை. நோய்க்கு ‘அலட்சியம்’ என்று பெயர் வைத்தவுடன் மருந்து ‘விழிப்புணர்வு’ என்றாகிவிடுகிறது. உடனே கோலப் போட்டி, மனிதச் சங்கிலி, கல்லூரி மாணவர்களை வெயிலில் நடத்தும் பேரணி. (விழிப்புணர்வு என்ற சொல்லின் மேல் எனக்குள்ள கோபம் தனிக் கட்டுரைக்கு உரியது.) வீடு மாறினால் படிவம் 8 கொடுக்க வேண்டும் என்பதை வாடகை ஒப்பந்தம் எழுதும் இடத்திலேயே சொன்னால் எத்தனை பெயர்கள் சரியான சாவடிக்கு வந்து சேரும்! 2024இல் 85 வயது கடந்தவர்களுக்கும் ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்கும் வீட்டிலேயே வாக்களிக்க வழி செய்தார்களே, அது வேலை. அவர்களை அலட்சியக்காரர்கள் என்று திட்டிக்கொண்டிருந்தால் வாக்குப்பெட்டி அவர்கள் வீட்டுக்குப் போயிருக்காது.

ஆகவே என் பரிந்துரை இது. வாக்களிக்கவில்லை என்ற செய்தியை மட்டும் சொல்ல ‘வாக்களியாமை’. கல்லாமை, இயலாமை போல இயல்பான ஆக்கம்; யார் மேலும் பழி போடாது. எவ்வளவு பேர் வந்தார்கள் என்பதற்கு ‘வாக்குப்பதிவு’ போதும். அதை ‘வாக்கு சதவீதம்’ என்று எழுதாதீர்கள். கட்சி வாங்கிய பங்கோடு குழம்பும். மனநிலையைத்தான் சொல்ல வேண்டும் என்றால் ‘ஈடுபாடின்மை’. ‘ஆர்வமின்மை’யும் கேட்டுப் பழகியதுதான், ஆனால் வாக்களிப்பது என்ன பொழுதுபோக்கா, ஆர்வம் பற்றிப் பேச?

பட்டியலில் பெயர், கையில் சீட்டு, இரண்டு தெரு தள்ளிச் சாவடி, சம்பளத்துடன் விடுமுறை, இத்தனையும் இருந்தும் மதியம் வரை தூங்கியவரை மட்டும் அலட்சியக்காரர் என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.