ஓடிச்சுடு: ‘ஓடு மற்றும் துப்பாக்கி’ எப்படித் தமிழாகும்?

காண்ட்ரா என்னும் வீடியோ கேம் வரிசையில் 2024 மார்ச்சில் ‘ஆபரேஷன் கலூகா’ வெளிவந்தது. அதைப் பற்றித் தமிழில் தேடிப் படித்தபோது, ‘நீண்ட நேரம் ஓடும் தொடரில் ஒரு எதிர்கால ஓடு மற்றும் துப்பாக்கி விளையாட்டு’ என்கிற ரீதியில் எழுதியிருந்தார்கள். ஏதோ இயந்திர மொழிபெயர்ப்பு என்று விட்டுவிட்டேன். அப்புறம் பார்த்தால் காணொளிகளில் நம் பிள்ளைகளே ‘ஓடு மற்றும் துப்பாக்கி’ என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். இனிமேலும் பேசாமல் இருப்பது சரியில்லை.

ஆங்கிலத்தில் ‘ரன் அண்ட் கன்’ என்பது பேச்சுவழக்கிலிருந்து வந்த தொடர். கூடைப்பந்தில் நிதானமாகத் திட்டமிடாமல், விறுவிறுவென ஓடிப்போய்க் கிடைத்த இடத்திலிருந்து பந்தை வளையத்துக்கு எறியும் ஆட்டமுறைக்கும் இதே பெயர்தான். வீடியோ கேமில், விமானமோ விண்கலமோ இல்லாமல் ஓர் ஆள் தன் காலால் ஓடியும் தாவியும், நிற்காமல் சுட்டுக்கொண்டே முன்னேறும் வகையைக் குறிக்கும். கமாண்டோ (1985), காண்ட்ரா (1987), மெட்டல் ஸ்லக் (1996), அண்மையில் கப்ஹெட் (2017) எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். முதல் கோளாறு ‘துப்பாக்கி’. அந்த ஆங்கிலத் தொடரில் ‘கன்’ பெயர்ச்சொல் அல்ல, வினை. சுடு என்று பொருள். மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டார். அதனால் ஒரு பக்கம் ஏவல் வினை, மறு பக்கம் பொருட்பெயர் என்று இரண்டும் ஒட்டாமல் நிற்கின்றன. ஓட்டு வீடுகள் நிறைந்த எங்கள் காவிரிக்கரை ஊர்களில் ‘ஓடு மற்றும் துப்பாக்கி’ என்று யாரிடமாவது சொன்னால், அவருக்குக் கூரையில் வேய்ந்த ஓடுதான் முதலில் நினைவுக்கு வரும். பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல் நின்றால் ‘ஓடு’ என்பதையும் பெயராகத்தானே படிக்கத் தோன்றும்?

இதைச் சொன்னால், ‘அப்படியானால் ஓடு மற்றும் சுடு என்று வைத்துக்கொள்ளலாமே’ என்கிறார்கள். அதுவும் ஆகாது. பெருங்கோளாறே ‘மற்றும்’தான். ‘மற்று’ என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் இடையியலில் சொல்லும் பொருள் வினைமாற்று (ஒரு செயலை விட்டு வேறொன்றுக்கு மாறுவது), அசைநிலை (தனிப்பொருள் இல்லாமல் நிற்பது) என்ற இரண்டுதான். இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டும் வேலைக்கு நமக்கு எண்ணும்மை இருக்கிறது: அரிசியும் பருப்பும், அண்ணனும் தம்பியும். அதை விட்டுவிட்டு ‘பித்தளை மற்றும் வெண்கலப் பாத்திரங்கள்’ என்று கும்பகோணத்துக் கடைப் பலகை வரைக்கும் ‘மற்றும்’ வந்து உட்கார்ந்துவிட்டது. பெயர்களுக்கு நடுவிலாவது பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. இரண்டு ஏவல் வினைகளுக்கு நடுவில் எப்படிப் பொறுப்பது? வீட்டுக்கு வந்தவரிடம் ‘வாங்க மற்றும் உட்காருங்க’ என்று யாராவது சொல்வார்களா? ‘வந்து உட்காருங்க’ என்போம். ‘கைகால் கழுவிட்டு வந்து சாப்பிடு’ என்று அம்மா ஒரே மூச்சில் மூன்று வினைகளைக் கோக்கிறாள், நடுவில் எந்த இணைப்புச் சொல்லும் இல்லாமல். வினையெச்சம் தமிழின் முதுகெலும்பு. அதை முறித்துவிட்டு எழுதுவதை மொழிபெயர்ப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆகவே என் பரிந்துரை ‘ஓடிச்சுடு’. வகையைச் சொல்ல ‘ஓடிச்சுடும் விளையாட்டு’. நம் பிள்ளைகள் தெருவில் விளையாடும் ‘ஓடிப்பிடிச்சு’ ஏற்கெனவே இதே அச்சில் வார்த்த பெயர்தான். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

‘ஓடி’ என்றால் ஓடி முடித்த பிறகு சுடுவது என்று ஆகிவிடாதா என்று ஒரு தமிழாசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் எப்போதும் முன்பின் வரிசையை மட்டும் காட்டுவதில்லை. ‘சிரித்துப் பேசினாள்’ என்றால் சிரித்து முடித்துவிட்டுப் பேசினாள் என்றா பொருள்? ‘ஓடி வந்தான்’ என்பதில் ஓட்டமும் வரவும் ஒன்றுதான். விதத்தையும் அதே எச்சம் காட்டும்.

‘ஓட்டச் சுடுகலன் ஆட்டம்’ என்று தூய தமிழில் வைக்க வேண்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ‘துப்பாக்கி’ துருக்கி மொழியிலிருந்து வந்தது, ‘சுடுகலன்’ நம்முடையது என்பது அவர்கள் வாதம். சுடுகலன் நல்ல சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் இங்கே கருவிக்கே வேலை இல்லை, செயலுக்குத்தான் வேலை. ‘சுடு’ போதும். அதைவிடத் தூய்மையான தமிழ்ச்சொல் எங்கே கிடைக்கும்? தோசை சுடுவதும் செங்கல் சுடுவதும் அதுதான். வெடிமருந்து வந்தபோது அதே சொல் தோட்டாவுக்கும் நீண்டது. வெறும் ‘சுடும் விளையாட்டு’ என்று சுருக்கவும் கூடாது. அப்புறம் கிரேடியஸ் மாதிரி விண்கலத்தில் பறந்து சுடும் வகையும் இதுவும் ஒன்றாகிவிடும். ‘ஓடி’ என்ற இரண்டு எழுத்துதான் இவற்றைப் பிரிக்கிறது.

காண்ட்ரா ஆடியவர்களுக்கு இது விளக்காமலே புரியும். மன்னார்குடிப் பக்கம் டிவி கேம் வைத்திருந்த வீடுகளில் கேசட்டின் அடியில் ஊதிச் செருகி, விரிந்து சுடும் ஆயுதத்தைத் தரும் ‘எஸ்’ எழுத்துப் பறந்து வந்தால் தாவிப் பிடித்து, ஐந்து குண்டும் விசிறியாய் விரிய ஓடிய பையன்கள் அத்தனை பேரும் பக்கத்தில் ஆடுபவனைப் பார்த்துக் கத்தியது ஒன்றுதான்: ‘நிக்காதடா, ஓடிக்கிட்டே சுடு!’ ஒரே குண்டு பட்டால் ஓர் உயிர் போய்விடும் ஆட்டத்தில் நின்றவன் பிழைக்க முடியாது. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தி முப்பது உயிர் வாங்கினாலும் அதே கதைதான். இந்த வகையின் இலக்கணத்தை அந்தப் பையன்கள் பேச்சுத்தமிழில் அன்றே சொல்லிவிட்டார்கள். ‘ஓடு மற்றும் துப்பாக்கி’ என்று கத்தியவன் ஒருவனும் இல்லை.

தொடக்கத்தில் காட்டிய அந்த வாக்கியத்தின் மிச்சத்தையும் விட மனமில்லை. ‘எதிர்கால விளையாட்டு’ என்றால் இனிமேல் வரப்போகும் விளையாட்டு. சொல்ல வந்தது, கதை எதிர்காலத்தில் நடக்கிறது என்பது. ஜப்பானியப் பதிப்பில் காண்ட்ராவின் கதை 2633ஆம் ஆண்டில் கலூகா தீவுகளில் நடக்கிறது. ‘எதிர்காலத்தில் நடக்கும் கதை’ என்று ஒரு சொல் கூடுதலாக எழுதினால் என்ன குறைந்துவிடும்? ‘நீண்ட நேரம் ஓடும் தொடர்’ என்பது மூன்று மணி நேரப் படத்துக்குப் பொருந்தும். 1987 முதல் வந்துகொண்டிருப்பதை ‘நெடுநாளாகத் தொடரும் வரிசை’ என்று சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் மொழிபெயர்க்கத் தேவையில்லை: விளையாட்டின் பெயர். ‘முரண்’ என்றும் ‘எதிர்’ என்றும் அதை மாற்றுவது வீண் வேலை. எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். டகரத்துக்கு இனமான மெல்லெழுத்து ணகரம். வண்டி, கண்டம், தொண்டை என்று எழுதும் கை ‘கான்ட்ரா’ என்று எழுதலாமா? காண்ட்ரா என்றே எழுதுங்கள்.