வளர்ச்சித் தாமதம்: எந்த வளர்ச்சி, என்ன தாமதம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களை ஒட்டிய ஊர்களில், அரசாங்கக் கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் தாய்மார் சிலர் 'லெவாட் பெர்கெம்பாங்கான்' என்ற மலாய்ச் சொல்லோடு வீடு திரும்புகிறார்கள். டாக்டர் ஆங்கிலத்தில் பேசினால் 'டெவலப்மென்டல் டிலே'. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினால் 'ஜிடிடி' என்ற மூன்றெழுத்து, 'குளோபல் டெவலப்மென்டல் டிலே' என்பதன் சுருக்கம். "மிஸ்ஸி என்னம்மா சொன்னாங்க?" என்று கிளினிக் நர்ஸைப் பற்றிப் பாட்டி கேட்கும்போதுதான் தமிழ்ச் சொல் தேவைப்படுகிறது. நம்மிடம் இருப்பது 'வளர்ச்சித் தாமதம்'. புழக்கத்துக்கு வந்துவிட்ட நல்ல சொல்தான். ஆனால் கேட்பவர் அதை இரண்டு இடத்தில் தவறாகப் புரிந்துகொள்ள வழியிருக்கிறது.

முதலில் 'வளர்ச்சி'. "நல்லாத்தானே வளர்றான்? போன தடவைக்கு இந்தத் தடவை அரைக் கிலோ கூடியிருக்கான்" என்று பாட்டி சொல்வார். அவர் சொல்வதும் சரிதான். தமிழில் உயரம் கூடுவதும் வளர்ச்சி, பேச்சு வருவதும் வளர்ச்சி. மலாயில் இதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எடை, உயரம், தலைச் சுற்றளவு எல்லாம் 'தும்பெசாரான்'. அதற்குள்ளேயே 'பெரிய' என்ற பொருளுடைய 'பெசார்' இருக்கிறது. நடப்பது, பேசுவது, பழகுவது எல்லாம் 'பெர்கெம்பாங்கான்'. இதன் வேர் 'கெம்பாங்': மலர்தல், விரிதல். ஆங்கிலச் சொல்லும் சுற்றி வைத்ததைப் பிரிப்பது என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததே. இரண்டிலும் எடைக்கு வேலையில்லை.

கிளினிக்கில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? மிஸ்ஸி சின்ன மரக் கட்டைகளை மேசைமேல் வைப்பார். ஒன்றரை வயதுப் பிள்ளை மூன்று கட்டைகளையாவது ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தும். இரண்டு வயதில் ஆறு. அடுக்கி முடித்ததும் பிள்ளை தலையைத் திருப்பி அம்மா முகத்தைப் பார்க்கிறதா என்பதையும் கவனிப்பார். கை எட்டாத பொருளை விரல் நீட்டிக் காட்டுகிறதா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்றும் கேட்பார். 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிசத்துக்கான கேள்வித்தாள் ஒன்று தருவார்கள். அதில் "தெரியவில்லை, பாட்டியைக் கேட்க வேண்டும்" என்று நிற்கும் அம்மாக்கள் உண்டு. பால்மரத்துக்கோ பேக்டரிக்கோ போய்விட்டு மாலையில் வருபவர்கள், பாவம், வேறென்ன சொல்வார்கள்?

இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தையைப் பத்துப் பருவமாகப் பிரித்தார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி, கை கொட்டுவது. அப்புறம் தளர்நடை போட்டு வரச் சொல்லும் வாரானை. பாட்டு தெய்வக் குழந்தைக்கென்றாலும், பாடியவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்படியானால் 'பருவத் தாமதம்' என்று சொல்லலாமே என்று தோன்றும். பெண்பிள்ளையைப் பற்றி அப்படிச் சொன்னால் ஊர் வேறு மாதிரி புரிந்துகொள்ளும், வேண்டாம். 'திறன்வளர்ச்சி' என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்தாலே எடைப் பேச்சு அடங்கிவிடும். என் கட்சி அதுதான்.

அடுத்தது 'தாமதம்'. இது வடமொழி 'தாமஸ'த்திலிருந்து வந்தது. சாத்துவிகம், இராசதம், தாமதம் என்ற முக்குணங்களில் கடைசி. சோம்பலும் இருளும் அதன் இயல்பு. நேரம் பிந்துவது என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. இன்று யாரும் இதைச் சோம்பலாகக் கேட்பதில்லை, அதனால் சொல்லை மாற்றத் தேவையில்லை. சிக்கல் வேறு: பிந்திய பஸ் எப்படியும் வந்துவிடும் என்றுதான் நம் காது கேட்கிறது. "அவங்க அப்பாவே நாலு வயசிலதான் பேசினாரு" என்று யாராவது சொல்வார்கள். நாக்கில் வசம்பு தடவுவார்கள். வசம்புக்கே 'பிள்ளை வளர்ப்பான்' என்றொரு பேர் உண்டு. மருத்துவம் சொல்லும் தாமதத்தில் 'வந்துவிடும்' என்ற வாக்குறுதி இல்லை. இத்தனையாம் மாதத்தில் இருக்க வேண்டியது இன்னும் இல்லை என்பதோடு அது நிற்கிறது. சில பிள்ளைகள் எட்டிப் பிடிக்கிறார்கள், சிலர் பிடிப்பதில்லை. பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று சோதிப்பதும் இதனால்தான். கேளாத பிள்ளைக்கு எத்தனை வசம்பு தடவினாலும் பேச்சு வராது.

'ஜிடிடி'யில் உள்ள 'குளோபல்' என்பதை 'உலகளாவிய' என்று பெயர்த்தால் சிரிப்புத்தான் வரும். 'பல்துறை' போதும். நடை, கைவேலை, பேச்சு, சிந்தனை, பழக்கம், அன்றாடக் காரியம் இவற்றில் இரண்டிலாவது பிள்ளை தன் வயதுக்கு வெகுவாகப் பிந்தியிருந்தால் அது பல்துறைத் திறன்வளர்ச்சித் தாமதம். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே இந்தப் பேர். அதற்குமேல் அறிவுத்திறனை நம்பகமாக அளக்க முடியும் என்பதால் மறுபடி பார்த்து வேறு பேர் வைப்பார்கள், அல்லது பேரையே எடுத்துவிடுவார்கள்.

தோட்டத்துப் பழைய சொல் 'மந்தம்'. மெதுவாக நகர்வதால் சனிக்கே மந்தன் என்று பேர்; அந்தச் சொல் பிள்ளையின் தலையில் ஏறினால் இறங்காது. பள்ளிக்கூடத்து மலாயில் 'லெம்பாம்', அதுவும் இதே குடும்பம். ஆங்கிலத்தில் 'ரிடார்டேஷன்' கூட 'மெதுவான' என்ற லத்தீன் சொல்லில் பிறந்து கடைசியில் வசவாகிவிட்டது. 2010ல் அமெரிக்கா சட்டம் போட்டு அதைக் கூட்டரசுச் சட்டங்களிலிருந்து நீக்கியது.

'டிஸார்டர்' என்பதற்குக் 'கோளாறு' என்று சிலர் எழுதுகிறார்கள். லாரிக்குச் சொல்வதைப் பிள்ளைக்குச் சொல்வானேன்? 'குறைபாடு' பரவாயில்லை. ஆனால் இரும்புச்சத்துக் குறைபாடு போலக் கேட்பதால், நேராக மருந்துக்கடைக்குப் போய் டானிக் வாங்கிவிடுகிறார்கள். தாமதம் என்றால் எல்லாரும் போகும் வழியில் பிந்தி நடப்பது. குறைபாடு என்றால், ஆட்டிசம்போல, வழியே வேறு. ஒரே பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து இருக்கலாம். ஓகேயு என்னும் மாற்றுத்திறனாளி அட்டை எடுக்கப் போனால் இவை 'கற்றல் சிக்கல்' பிரிவில் வரும். அந்த அட்டைக்கு அடிப்படை 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பதிவு செய்வது சமூக நல இலாகா. பயிற்சிக்குப் பிடிகே என்னும் சமூக மறுவாழ்வு மையங்கள் 1984லிருந்து நடக்கின்றன. அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயத்தில் அந்தப் பக்கம் போகாத குடும்பங்கள் உண்டு.

தாமதத்துக்குப் பதிலாகப் 'பின்னடைவு' என்று எழுதுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அந்தச் சொல் இன்னொரு நிலைக்குத் தேவைப்படுகிறது: வந்த திறன் போய்விடுவது. "மா", "பால்", "பூனை" என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை ஒன்றரை வயதுக்குமேல் அவற்றை விட்டுவிட்டு, கூப்பிட்டாலும் திரும்பாமல் இருந்தால் அதுதான் பின்னடைவு. அதற்கு அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுநாளே போய், எந்தெந்தச் சொல் எப்போது நின்றது என்று மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டும்.