அப்பாவின் நோய் எனக்கும் வந்துவிட்டதோ?

இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்தில், காலமெல்லாம் புகையிலை போட்ட தகப்பனை வாய்ப்புற்றுக்குப் பறிகொடுத்த ஒரு மீனவரை எடுத்துக்கொள்வோம். கருமாதி முடிந்து சில வாரங்களில், சவரம் செய்யும்போது தாடைக்குக் கீழே பயறு அளவில் ஓர் உருண்டை அவர் விரலில் தட்டுப்படுகிறது. நோய்க்கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்கள் எல்லோருக்கும் அங்கே உண்டு. ஒல்லியான உடம்பில் அவை கைக்கு அகப்படுவது இயல்பு. ஆனால் அப்பாவுக்கும் அங்கேதானே வீங்கியது? கடலுக்குக் கிளம்பும் முன் அழுத்திப் பார்க்கிறார். வலையை இறக்கிவிட்டுக் காத்திருக்கும்போது பார்க்கிறார். சாப்பிட்டுக் கை கழுவியதும் மறுபடி பார்க்கிறார். நாலைந்து நாளில் அந்த இடம் நிஜமாகவே வலிக்கிறது. ஓயாமல் அழுத்தினால் எந்தச் சதையும் கன்றிப்போகும். அவரோ "வளர்கிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இவரைப் பயந்தாங்கொள்ளி என்பது அநியாயம். வலி பொய்யல்ல, அதற்குக் கற்பித்த காரணம்தான் தவறு.

இதயத்துடிப்பு, மூச்சு, குடலின் அசைவு என்று உடம்பு அனுப்பும் செய்திகளை மூளையில் இன்சுலா என்ற பகுதி திரட்டுகிறது. அவற்றில் பெரும்பாலானவை நம் கவனத்துக்கே வருவதில்லை. எது ஆபத்து என்று மூளை பழைய அனுபவத்தை வைத்துத்தான் கணிக்கிறது. ஆறாத வாய்ப்புண்ணில் தொடங்கிச் சுடுகாட்டில் முடிந்த ஒரு நோயைப் பக்கத்திலிருந்து பார்த்த மூளைக்குச் சின்னப் புண்ணும் அதே பாதையின் முதல் அடியாகத் தெரிகிறது. பாம்பன் துறைமுகத்தில் ஆபத்தின் கடுமைக்கு ஏற்ற எண்ணில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். இந்த மூளை சாதாரணக் கச்சான் காற்றுக்கே 10-ஆம் எண் கூண்டை ஏற்றிவிடுகிறது.

உடனே அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது. மூச்சு வேகமெடுப்பதால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, தலை சுற்றுகிறது, விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன. பயம் உண்டாக்கிய இந்த அறிகுறிகளே அந்தப் பயத்துக்குச் சாட்சியாகின்றன.

"இங்கே பார், வீங்கியிருக்கிறதா?" என்று மனைவியைக் கேட்கிறார். "ஒன்றும் இல்லைங்க" என்றதும் மனம் லேசாகிறது. சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹில்லரி வார்விக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1986-இலேயே இதை விளக்கினார்கள்: ஆறுதல் கிடைத்ததும் பயம் சட்டென இறங்கும், சற்று நேரத்தில் திரும்பி வரும், மறுபடி கேட்கச் சொல்லும். மதுரையில் எடுத்த ஸ்கேன் தரும் நிம்மதியும் சில நாள்தான். திதி நெருங்கும்போதும், பெற்றவர் இறந்த வயதைத் தான் எட்டும்போதும் இந்தப் பயம் தலைதூக்குவதுண்டு.

பரம்பரைக் கேள்வி நியாயமானதே. ஆனால் புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம்தான் நேரடியாக மரபணு வழி வருபவை. வாய்ப்புற்றில் முதல் குற்றவாளி புகையிலை. கழுத்தைத் தடவும் நேரத்தில் அதை விட்டொழிப்பது உண்மையான பாதுகாப்பு. தந்தைக்கு 55 வயதுக்கு முன்போ தாய்க்கு 65-க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பரிசோதித்து, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மட்டும் திரும்பப் போக வேண்டும்.

இந்த மாவட்டத்தில் மனநல மருத்துவரிடம் போகச் சொன்னாலே முகம் சுருங்கும். ஏர்வாடி என்ற பெயரே இங்கே வசைச்சொல்லாகிவிட்டது. 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் பற்றிய தீயில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்ததை எங்கள் கடற்கரை மறக்கவில்லை. அந்த அச்சத்தால் இந்தப் பதற்றத்தைப் பூட்டிவைப்பது எனக்குப் பெரும் வேதனை, ஏனெனில் இது பேசித் தீரக்கூடியது. இங்கிலாந்தில் மனநல மருத்துவர் பீட்டர் டைரரின் குழு இத்தகைய நோய்ப் பயம் உள்ளவர்களிடம் நடத்திய ஆய்வில், 5 முதல் 10 அமர்வு சிந்தனை-நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 2 ஆண்டு கழித்தும் பலன் நீடித்தது. தொட்டுப் பார்க்கும் உந்துதலை முதலில் 10 நிமிடம், பிறகு ஒரு மணி நேரம், பிறகு ஒரு நாள் தள்ளிப்போடப் பழக்குவது அதில் ஒரு பகுதி. அழுத்தாமல் விட்ட கணு வலிப்பதில்லை என்பதை அவரே கண்டுகொள்வார். வீட்டாரும் "ஒன்றுமில்லை" என்று ஓயாமல் சொல்வதை விட்டு, "பயமாக இருக்கிறதா, கொஞ்சம் உட்காருங்கள்" என்று பக்கத்தில் இருக்கலாம். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

மூன்று வாரம் கடந்தும் ஆறாத வாய்ப்புண், கெட்டிப்பட்டுப் பெரிதாகும் கழுத்துக் கட்டி, காரணமின்றி இறங்கும் எடை ஆகியவற்றுக்கு மட்டும் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.