குறி எங்கே தப்புகிறது? சிறு விட்ட பிஸ்டலும் ரைஃபிளும்

தோட்டா ஒன்றுதான். அதன் ஈயக் குண்டின் விட்டம் சுமார் 5.6 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 2.6 கிராம். அதை ரைஃபிளில் போட்டுச் சுடும் புதியவர், ஓரிரு நாளிலேயே தாளின் கறுப்பு வட்டத்துக்குள் துளைகளைச் சேர்த்துவிடுகிறார். பிஸ்டலில் போட்டுச் சுடும் புதியவரோ, குண்டு எங்கே போனது என்று தாளின் ஓரங்களில் தேடுகிறார். இலக்குப் பயிற்சிக்கு எதை எடுப்பது என்று யோசிப்பவர், இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

பாயின்ட் 22 லாங் ரைஃபிள் என்னும் இந்தத் தோட்டா 1887இல் வந்தது. பெயரில் ரைஃபிள் இருந்தாலும் பிஸ்டல்களும் இதையேதான் சுடுகின்றன. தோட்டாவின் அடிப்பகுதியில் மெல்லிய விளிம்பு உண்டு. தீப்பற்றவைக்கும் மருந்து அதற்குள் இருக்கிறது. விசையை அழுத்தியதும் ஊசி அந்த விளிம்பை நசுக்க, வெடிமருந்து பற்றி எரிந்து குண்டைத் தள்ளுகிறது. குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் பள்ளங்கள் குண்டைப் பம்பரம் போலச் சுழற்றி அனுப்புகின்றன. போட்டித் தோட்டாக்களை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே, நொடிக்கு 330 மீட்டர் அளவில் புறப்படும்படி செய்கிறார்கள். ஒலியை முந்திப் புறப்பட்டு, வழியில் அதற்குக் கீழே இறங்கும் குண்டு அந்த இடத்தில் தடுமாறக்கூடும் என்பதுதான் காரணம்.

நீளமான குழல்தான் துல்லியம் தருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. நீளம் முக்கியமாகத் தருவது வேகத்தை. அதிலும் இந்தத் தோட்டாவின் கொஞ்சம் மருந்து 40 சென்டிமீட்டருக்குள் தன் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது. நல்ல பிஸ்டல் ஒன்றை இடுக்கியில் அசையாமல் பிடித்துவைத்துச் சுட்டால், துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஆக, குறி தப்புவது குழலில் அல்ல. கண்ணுக்கும் கைக்கும் நடுவில்.

துப்பாக்கியின் மேல் பின்பக்கம் இருப்பது பின்குறி, குழலின் வாயருகே இருப்பது முன்குறி. பின்குறியின் பிளவுக்கு நடுவே முன்குறியின் முனை தெரிய வேண்டும், அந்த முனை இலக்கோடு பொருந்த வேண்டும். குறிபார்ப்பது என்றால் இதுதான். இதில் இரண்டு விதப் பிழைகள் நேரலாம். துப்பாக்கி முழுவதும் அப்படியே 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் 5 மில்லிமீட்டர் தள்ளித்தான் படும். அது பெரிய நட்டமில்லை. முன்குறி பின்குறியின் நடுவிலிருந்து விலகினால்தான் ஆபத்து, ஏனென்றால் அது கோணப் பிழை. இரண்டு குறிகளுக்கும் இடைவெளி பிஸ்டலில் 22 சென்டிமீட்டர், ரைஃபிளில் 66 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டரில் ரைஃபிளின் குண்டு 4 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே விலகும். பிஸ்டலின் குண்டு 11 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். விலகிய அளவு அதே ஒரு மில்லிமீட்டர்தான். இடைவெளி சுருங்கியதால் தண்டனை மூன்று மடங்காகிறது.

இதை இலக்குத் தாளிலேயே பார்க்கலாம். சர்வதேசப் போட்டிகளில் 50 மீட்டர் ரைஃபிள் தாளின் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், அதே தூரத்துக்கான பிஸ்டல் தாளில் அது 50 மில்லிமீட்டர். ஐந்து மடங்கு என்று தோன்றும். ஆனால் துளையின் ஓரம் கோட்டைத் தொட்டாலே அந்த மதிப்பெண் கிடைத்துவிடும். ஆகவே குண்டின் ஆரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போது குண்டின் மையம் நடுப்புள்ளியிலிருந்து ரைஃபிளில் 8 மில்லிமீட்டர் வரையும், பிஸ்டலில் 27.8 மில்லிமீட்டர் வரையும் விலகலாம். மூன்றரை மடங்கு. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிகளில் இன்னும் வியப்பு: ரைஃபிளின் பத்து வெறும் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி, பிஸ்டலுக்கு 11.5 மில்லிமீட்டர். 4.5 மில்லிமீட்டர் குண்டைச் சேர்த்துக் கணக்கிட்டால், அங்கும் சுமார் மூன்று மடங்குதான் வருகிறது. உலகின் மிகச் சிறந்த பிஸ்டல் வீரருக்கும் இந்தச் சலுகை தேவைப்படுகிறது என்றால், முதன்முதலாகப் பிஸ்டலை எடுப்பவர் மனம் உடைந்துபோக வேண்டியதே இல்லை.

ரைஃபிளை உடல் நான்கு இடங்களில் பிடித்துக்கொள்கிறது: தோள், கன்னம், இரண்டு கைகள். படுத்தோ முட்டியிட்டோ சுடும்போது எடையை எலும்புகளே தாங்குகின்றன, தசைகள் ஓய்வெடுக்கலாம். போட்டிப் பிஸ்டலுக்கு நீட்டிய ஒற்றைக் கை மட்டுமே. தோள், முழங்கை, மணிக்கட்டு என மூன்று மூட்டுகளும் அந்தக் கையில் ஆடுகின்றன. ஆரோக்கியமான கையிலும் நொடிக்குப் பத்து முறை அளவில் மெல்லிய நடுக்கம் எப்போதும் இருக்கும். அதை நிறுத்த முடியாது. பிஸ்டல் வீரர்கள் அந்த ஆட்டத்தை ஏற்றுக்கொண்டு, அதன் நடுவிலேயே விசையை அழுத்தப் பழகுகிறார்கள். ஆட்டம் நிற்கட்டும் என்று காத்திருந்து, குறி நடுவில் வந்த கணத்தில் சட்டென்று இழுப்பவருக்குத்தான் குண்டு தாளின் ஓரத்துக்குப் போகிறது.

அந்த இழுப்பின் விளைவு துப்பாக்கியின் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ பிஸ்டலின் விசைக்கு ஒரு கிலோ அழுத்தம் வேண்டியிருந்தால், விரல் கொஞ்சம் கோணினாலும் முழுத் துப்பாக்கியும் திரும்பிவிடும். நான்கு கிலோ ரைஃபிள் அவ்வளவு எளிதில் திரும்பாது. பின்னுதைப்பும் இப்படித்தான். குண்டின் உந்தத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், ஒரு கிலோ பிஸ்டல் நொடிக்கு சுமார் 86 சென்டிமீட்டர் வேகத்தில் பின்வாங்கும், நான்கு கிலோ ரைஃபிள் 21 சென்டிமீட்டரில். இரண்டுமே மென்மையான உதைதான். ஆனால் அதை எதிர்பார்த்து, வெடிக்கும் முன்பே கை முந்திக்கொண்டு அமுக்குவதே பெரும்பாலான புதியவர்களின் நோய்.

பாதுகாப்பில் ரைஃபிளுக்கு இன்னொரு நன்மை உண்டு, இதை நான் எல்லாவற்றையும்விட மேலாக வைப்பேன். பிஸ்டலின் வாய் மணிக்கட்டின் சிறு திருப்பத்தில் பக்கத்தில் நிற்பவரை நோக்கிவிடும். "ஏன் வெடிக்கவில்லை?" என்று கேட்டபடி பயிற்சியாளரை நோக்கித் திரும்பும் புதியவர், கையையும் சேர்த்தே திருப்புகிறார். நீளமான ரைஃபிளை அப்படித் தெரியாமல் திருப்புவது கடினம். சிறு விட்டம் என்பதால் அலட்சியம் வேண்டாம்: இந்தக் குண்டு ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் பறக்கும், உயிரையும் எடுக்கும். சத்தமும் அப்படியே. குட்டைக் குழலின் வெடியோசை காதுக்கு அருகில், கூடுதலாகக் கேட்கும்; இரண்டுக்குமே காதுக்கவசமும் கண்ணாடியும் அவசியம். சுட்டு முடித்ததும் கையில் படிந்த ஈயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஒன்றை மட்டும்தான் எடுக்க முடியும் என்றால், ரைஃபிளை எடுங்கள். அதில் குறிபார்ப்பது, மூச்சு, விசை ஆகிய மூன்றையும் தனித்தனியே கற்கலாம். குண்டு விலகினால் காரணம் தெரியும். பிஸ்டலில் எல்லாப் பிழைகளும் ஒன்றாகக் கலந்து ஒரே துளையாகத் தாளில் விழுகின்றன, எது எதனால் என்று பிரிப்பது கடினம். இந்த அடிப்படைகள் கைவந்த பிறகு பிஸ்டலுக்கு மாறுபவர் வேகமாக முன்னேறுவார். அங்கே விரல் மட்டுமே பாக்கி.

அந்த விரலின் மதிப்பைக் காட்டியவர் ஹங்கேரியின் காரொலி டாகாச். 1938இல் கையெறி குண்டு வெடித்து அவருடைய வலது கை சிதைந்தது. இடது கையால் மறுபடி முதலிலிருந்து பழகி, 1948 லண்டன், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்குகளில் 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் போட்டியில் தங்கம் வென்றார்.

உங்கள் விரலைச் சோதிக்கக் குண்டு தேவையில்லை. துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். பாயின்ட் 22 துப்பாக்கியில் தோட்டா இல்லாமல் விசையை அழுத்தினால் ஊசி குழலின் பின்விளிம்பில் மோதிக் கெடக்கூடும், எனவே அதற்கென்றே உள்ள போலித் தோட்டாவைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆள் நடமாட்டமில்லாத பாதுகாப்பான திசையில் நீட்டி, குழலின் மேல், முனையருகே ஒரு நாணயத்தை மற்றொருவர் பக்கவாட்டில் நின்று வைக்கட்டும். பிறகு விசையை அழுத்துங்கள். ரைஃபிளில் பெரும்பாலும் நாணயம் முதல் நாளே விழாமல் நிற்கும். பிஸ்டலில் அது நிற்பதற்குப் பல வாரங்கள் ஆகலாம்.